ரெண்டாம் பாதி இழுவை

பதினோரு வயதுவரை சினிமா என்பது எனக்கு ஒரு வாசனைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடந்து, எங்கள் "லைன் வூட்டு"ப் பெண்கள் வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அவர்களுடைய ஷாலில் அந்த வாசனை இருக்கும். பாதி வாடிய மல்லிகை, பாப்கார்னின் மஞ்சள் எண்ணெய், அதோடு எப்போதும் மூடியே கிடக்கிற அறையின் லேசான பூஞ்சை நாற்றம். அந்தக் கடைசி வாசனைக்கு "ஏசி வாசனை" என்று பெயர் என அவர்கள்தான் சொன்னார்கள். ஏதாவது சாக்கு வைத்து அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது ஷாலின் ஓரத்தை மூக்கில் வைத்துக்கொள்வேன். அதைவிடப் பக்கத்தில் சினிமாவை நெருங்க எனக்கு அனுமதி இல்லை.

எங்கள் வீடு ஒரகடத்துக்குப் பக்கத்தில், வடக்குப்பட்டில். சுற்றியிருந்த நிலமெல்லாம் கம்பெனிகளாக மாறியபோது அப்பாவும் தன் பங்கை விற்று, வீட்டை ஒட்டி வரிசையாக ஐந்து அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்த அறைகளுக்கு மேலே மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, அதை எங்கள் சபையின் ஞாயிறு ஜெபத்துக்கென்று கொடுத்துவிட்டார். அப்பா சபையில் மூப்பர். குடிக்கமாட்டார், யாரையும் கைநீட்டி அடிக்கமாட்டார், விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லமாட்டார். ஊரில் இரண்டு பேருக்குத் தகராறு என்றால் இரண்டு பேருமே அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். சினிமா மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டில் டிவி கிடையாது. "ரெண்டரை மணி நேரம் இருட்டுல குந்திகினு பொய்ய பாக்கறதுக்கு ஒரு டிக்கெட்டா?" என்பார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

ஆனால் சினிமாவைப் பற்றிய அபிப்பிராயத்துக்கு யாரும் தடை போடவில்லை. தடை போட வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. பெண்கள் படம் பார்த்துவிட்டு வந்து, மோட்டார் குழாயடியில் துவைக்கிற கல்லைச் சுற்றிச் சீருடைகளை ஊறப்போட்டுக்கொண்டே பேசுவார்கள். நான் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு, அது நிரம்பி வழிந்த பிறகும் அங்கேயே நிற்பேன்.

அந்தப் பேச்சுக்குத் தலைமை தேவி அக்கா. விழுப்புரம் பக்கத்துப் பெண். கார்களுக்குச் சின்னச் சின்னத் தகடுகள் அடித்துக்கொடுக்கிற ஒரு கம்பெனியில், அடித்து வரும் தகடுகளைச் சோதித்துப் பிரிக்கிற வேலை. நாள் முழுக்கத் தகடுகளைப் பார்த்து "ஓகே", "ரீவொர்க்", "ரிஜெக்ட்" என்று மூன்று பெட்டிகளில் போட்டுப் போட்டு, படங்களையும் அதே மூன்று பெட்டிகளில் போட்டாள். "படம் ஓகே. பாட்டு மட்டும் ரீவொர்க்கு" என்பாள். ஒரு படத்தின் கதாநாயகனையே ரிஜெக்ட் பெட்டியில் தூக்கிப் போட்டாள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு அளவுகோல் இருந்தது. ஒருத்திக்கு அழுகை வந்தால் நல்ல படம். இன்னொருத்தி, கிராமத்துப் படத்தில் கதாநாயகி களையெடுக்கிற லட்சணத்தைப் பார்த்தே மொத்தப் படத்தையும் எடைபோட்டுவிடுவாள். அவள் பார்த்தவரையில் எந்தக் கதாநாயகிக்கும் களையெடுக்கத் தெரிந்திருக்கவில்லை.

இந்த அபிப்பிராயங்களை நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். ஒரு படமும் பார்க்காத நான்தான் ஆறாம் வகுப்புக்கே சினிமா நிபுணர். "ஒருவாட்டி பாக்கலாம்", "காமெடி ஒர்க்கவுட் ஆகல", "கிளைமாக்ஸ் செம" என்று நான் அடித்துவிடுவதை, நிஜமாகவே படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பொய்யே சொல்லாத மனிதரின் மகள் வாரம் தவறாமல் செய்த காரியம் இது.

முத்துமாரி அக்கா அந்த வருஷம்தான் வந்தாள். சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஒரு கிராமம். தேவி அக்காவின் அறை, தேவி அக்காவின் கம்பெனி. ஆனால் வேலை வேறு. தகடு அடிக்கிற பிரஸ் மிஷினில் நின்றாள். குச்சி மாதிரி உடம்பு, முழங்கால்வரை முடி. என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டாள். எங்கள் ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள்; அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பள்ளிக்கூடம் போகும்முன் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். பின்னிக்கொண்டே அந்த வாரத்துப் படத்தின் கதையைச் சொல்வாள். மற்றவர்கள் அபிப்பிராயம்தான் சொல்வார்கள்; கதை சொல்ல அவளுக்குத்தான் தெரியும். கதாநாயகியின் பாவாடை நிறம், வில்லன் வீட்டு வாசலில் கட்டியிருந்த நாயின் பெயர், ஒன்றும் விட்டுப்போகாது.

ஆனால் இடைவேளையோடு கதை நின்றுவிடும். "அப்புறம் இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டால், "மொத பாதி நல்லாருக்குட்டி. ரெண்டாம் பாதி இழுவை" என்பாள். எந்தப் படத்துக்கும் இதே தீர்ப்புதான். சண்டைப் படமா, ரெண்டாம் பாதி இழுவை. பேய்ப் படமா, ரெண்டாம் பாதி இழுவை. குழாயடியில் எல்லோரும் "கிளைமாக்ஸ் செம" என்று கூத்தாடிய படத்துக்கும் அவள் சீருடையின் காலரைத் தேய்த்துக்கொண்டே "இழுவை" என்றபோது, தேவி அக்கா குவளைத் தண்ணீரை அவள் மேல் ஊற்றி உண்மையைப் போட்டு உடைத்தாள். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்ததுமே முத்துமாரி தூங்கிவிடுகிறாள். வாராவாரம் இதே கதை. படம் முடிந்து எழுப்பினால், பஸ் பிடிக்கும்வரை கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவர வேண்டும்.

குழாயடியே சிரித்தது. முத்துமாரி அக்காவும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு வேண்டுமென்று நான் ஒரு பட்டப்பெயர் வைத்தேன். "இன்டர்வல் அக்கா." அது ஒட்டிக்கொண்டது. மறுவாரத்துக்குள் கம்பெனி பஸ்ஸிலும் அதே பெயர் ஆகிவிட்டது என்று தேவி அக்கா சொன்னபோது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல இருந்தது எனக்கு.

அப்போது அவளுக்குத் தொடர்ந்து இரண்டு மாதமாக இரவு ஷிப்ட். ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் மாற்றிவிடவில்லை. காலையில் வந்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, அதற்கப்புறம்தான் படுப்பாள். ஒருநாள் பின்னல் பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், சீப்பைப் பிடித்த கை அப்படியே என் தோளில் இருக்க, சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இதையும் நான் குழாயடியில் நடித்துக் காட்டினேன்.

காசு கொடுத்துப் போய்த் தூங்குவதற்கு அறையிலேயே தூங்கலாமே என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "அங்கன நல்லா தூக்கம் வருதுட்டி. குளுகுளுன்னு இருக்கும். சத்தமும் ஒரே சீரா இருக்கும், பழகிரும்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு நொடி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பல்லி எதுவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை எனக்குத் தலை பின்ன யாரும் வரவில்லை. அம்மா வந்து சீப்பை எடுத்து, இழுத்த இழுப்பில் என் கண்ணில் நீர் வர, விஷயத்தைச் சொன்னாள். விடியற்காலையில் முத்துமாரியின் வலது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போய்விட்டது. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அம்மா பின்னிக்கொண்டே "ஏசப்பா, ஏசப்பா" என்றாள். நான் மூன்று விரல் என்றால் எந்த மூன்று என்று என் கையைப் பார்த்தேன்.

அந்த மிஷினில் கை உள்ளே இருந்தால் அது தானாக நின்றுவிட வேண்டுமாம். அதற்கென்று முன்னால் ஒரு சென்சார் உண்டாம். அது பத்து நாளாக வேலை செய்யவில்லை, சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை என்று தேவி அக்கா குழாயடியில் அடித்தொண்டையில் சொன்னாள். அன்றைக்குச் சீருடைகள் ஊறிக்கொண்டே கிடந்தன. சென்சார் கெட்டதால் விபத்து என்றானால் வைத்தியமும் கம்பெனி பொறுப்பு, கை தேறியதும் உட்கார்ந்து செய்கிற வேறு வேலை கொடுக்கவேண்டியதும் கம்பெனி பொறுப்பு. அவளே கவனமில்லாமல் கையை விட்டாள் என்றானால் ஊருக்குப் போகவேண்டியதுதான். இது அந்த ஐந்து அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி எனக்கு அது தெரிந்திருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அறைப் பெண்கள் யாரும் ஷிப்ட் முடிந்து வந்திருக்கவில்லை. அப்பா நாற்காலி போட்டு, டீ கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் தன்மையாகப் பேசினார்கள். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்யத்தான் விசாரிக்கிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டார்கள். அப்பா உள்ளதைச் சொன்னார். காலையில் வேலை முடிந்து வந்தாள், பதினோரு மணிக் காட்சிக்குக் கிளம்பிப் போனாள், எல்லா ஞாயிறும் போவாள், எங்களுக்கு அதில் இஷ்டமில்லை, ஆனால் குடித்தனக்காரர்களிடம் நாம் என்ன சொல்வது. அவர்களில் வயதானவர் தலையாட்டினார். ஓய்வெடுக்க வேண்டிய நாளில் சினிமாவா, என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் வீட்டுக் கூடத்தில் முதல்முறையாகப் பெரியவர்கள் சினிமா பேசுகிறார்கள். அந்த விஷயத்தில் ஊரிலேயே அதிகம் தெரிந்தவள் நான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தக்கா தியேட்டர்லயே தூங்கிடும் அங்கிள்," என்றேன். "நாங்க அதுக்கு இன்டர்வல்னு பேரு வெச்சிக்கிறோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். வயதானவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தியேட்டரில் மட்டும்தானா, வேறெங்கும் தூங்கி விழுவாளா என்று வாஞ்சையாகக் கேட்டார். நான் சீப்புக் கதையைச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, வாயைத் திறந்து, தலையைச் சாய்த்து, நடித்தே காட்டினேன். இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதியதை அப்பா கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "வேலைல தூங்குவான்னு போட்டுகீறீங்க. அத நான் பாக்கல. அத அடிங்க" என்றார். அவர்கள் அந்த வரியை அடித்தார்கள். ஞாயிறன்று ஓய்வெடுக்காமல் சினிமாவுக்குச் சென்றார் என்பதும், பகலிலும் உட்கார்ந்தபடியே தூங்கி விழும் பழக்கம் உள்ளவர் என்பதும் அப்படியே இருந்தன. அவை உண்மை. அப்பா கையெழுத்துப் போட்டார். அவர்கள் போன பிறகு அம்மாவிடம், "பாத்தததான எழுதிக்கிறாங்க" என்றார். அந்த ஒரு வரியை அடிக்க வைத்ததில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எனக்கு அப்பாமேல் கோபம் வருவதெல்லாம் அந்தத் திருப்தியை நினைக்கும்போதுதான்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. அவளுடைய கவனக்குறைவு என்று கம்பெனி முடிவுசெய்தது. கட்டுப் பிரிக்கும்வரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். காகிதத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தது. வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார் என்று ஒரகடம் வரைக்கும் பெயர். அந்த ஞாயிறு மாடியில் முத்துமாரியின் கைக்காக விசேஷ ஜெபம் நடந்தது. அப்பா கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார். நானும் மைக்கில் பாடினேன்.

பாடி முடித்துக் கீழே இறங்கி வந்தபோது தேவி அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"நைட்டு முழுக்க நின்னுட்டு வந்து படுத்தா, பத்து மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணி வரைக்கும் தலைக்கு மேல டிரம்மும் மைக்கும். எப்டிடி தூங்குவா? கொஞ்சம் சத்தத்த கொறைங்கன்னு உங்கம்மாகிட்ட கேட்டாளே. ஞாபகம் இல்ல? தூங்குறதுக்குத்தான்டி அவ தியேட்டருக்கே வந்தா."

எனக்கு ஞாபகம் இருந்தது. இரவு ஷிப்ட் தொடங்கிய புதிதில் அவள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். "வாரத்துல ஒரு நாளு. அதுவும் கர்த்தரோட நாளு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சினிமாவுக்குப் போகத் தொடங்கினாள். அப்பாவிடமோ அம்மாவிடமோ இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கியிருப்பாரோ என்னவோ. வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து முத்துமாரி அக்கா தன் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. கையை ஷாலுக்குள் வைத்திருந்தாள். அந்த ஷாலில் எந்த வாசனையும் இல்லை, ஆஸ்பத்திரி மருந்து வாசனையைத் தவிர. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் என்னைக் கூப்பிட்டு, சீப்பை இடது கையால் நீட்டி, "ஏட்டி, எனக்குக் கொஞ்சம் பின்னி விடுதியா?" என்றாள்.

எனக்கு அவ்வளவு நீள முடியைப் பின்னிப் பழக்கமில்லை. மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன். அவள் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்கத்தில், அந்தக் கடைசி ஞாயிறு பார்த்த படத்தைப் பற்றிக் கேட்டேன். சொன்னாள். தம்பியைத் தேடி ஊர் ஊராகப் போகிற ஓர் அக்காவின் கதை. ரயில் நிலையத்தில் தம்பியை அவள் தூரத்தில் பார்க்கிறாள், நடுவில் ஒரு ரயில் வந்துவிடுகிறது, இடைவேளை.

"ரெண்டாம் பாதி?" என்றேன்.

"தெரியலட்டி," என்றாள். "தூங்கிட்டேன்லா."

அந்த ஒருமுறைதான் அவள் இழுவை என்று சொல்லவில்லை. பின்னலுக்கு ரப்பர் போட்டேன். நான் சொன்னதெல்லாம் தேவி அக்கா மூலம் அவளுக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது. திரும்பாமலே, "நீ பொய் ஒண்ணும் சொல்லலியேட்டி" என்றாள். சமாதானத்துக்குத்தான் சொன்னாள். வேறு எந்த வார்த்தையும் அவ்வளவு வலித்திருக்காது. சுங்குவார்சத்திரம் போய்ப் பஸ் மாறவேண்டும் என்று தேவி அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள். முத்துமாரி அக்காவை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. தேவி அக்காவிடம் இருந்த நம்பர் ஒரு வருஷத்தில் வேலை செய்யாமல் போனது.

இப்போது எனக்கு இருபத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வாலாஜாபாத்தில் அந்த தியேட்டரை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் டைல்ஸ் கடை. குழாயடியும் இல்லை, அங்கே வாஷிங் மெஷின் நிற்கிறது. லைன் வூட்டில் இப்போது இருக்கிற பெண்களும் படம் பார்க்கிறார்கள்; ஆளுக்கொரு போனில், காதில் மாட்டிக்கொண்டு, பார்த்து முடித்ததும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். தியேட்டருக்குப் போனால் வாசலிலேயே மைக்கை நீட்டி "படம் எப்படி இருக்கு?" என்று கேட்கிற பையன்கள் நிற்கிறார்கள். அவர்களைக் கண்டால் நான் வேறு வழியாக வெளியே வந்துவிடுவேன். ஆறாம் வகுப்பு நிபுணருக்கு இப்போது எந்தப் படத்தைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லை.

சபை சொந்தக் கட்டடத்துக்குப் போய்விட்டது. மாடியில் அறைகள் எழுப்பி நாங்கள் அங்கே குடியேறிவிட்டோம். கீழே முழுவதும் குடித்தனக்காரர்கள். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. அம்மா இறந்த பிறகு வீட்டுக்கு டிவி வந்தது. முதலில் பிரசங்கம், பிறகு செய்தி, பிறகு எப்போதென்று தெரியாமல் சினிமா. போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், சபையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, காது கேட்காததால் சத்தத்தை அலற வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், திரையில் ஒரு ரயில் நிலையம். ஒரு பெண் தூரத்தில் தன் தம்பியைப் பார்க்கிறாள். நடுவில் ரயில் வருகிறது.

கையைத் துடைக்காமலே உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பார்த்தேன். ரயில் போன பிறகு அந்த நடைமேடை காலியாக இருக்கிறது. தம்பி கிடைக்கவில்லை. படம் முடிகிறவரைக்கும் கிடைக்கவில்லை.

அப்பா நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விளம்பரச் சத்தத்தில் விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். படம் எப்படி என்று கேட்டேன்.

"மொதல்ல நல்லாதான் இருந்துச்சு," என்றார். "அப்பால ஒரே இழுவை."

நான் சொன்னேன். பதினாறு வருஷமாகச் சொல்லாததை அந்த விளம்பரச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லவேண்டியிருந்தது. முத்துமாரி அக்கா தியேட்டருக்குப் போனது தூங்கத்தான் என்றும், அறையில் தூங்க முடியாமல்தான் போனாள் என்றும், ஏன் முடியவில்லை என்றும் சொன்னேன். எந்த முத்துமாரி என்று அவர் கேட்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்றும் சொல்லவில்லை. தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரிமோட்டைத் தேடி எடுத்து, தனக்குக் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தார். கீழே யாருக்கு நைட் ஷிப்ட் என்று கேட்டார்.